மூன்று நிமிஷப் பாட்டு

அந்த ஆளின் பெயரை எழுத மாட்டேன். மறந்துபோய் இல்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இனிஷியலோடு சொல்வேன். நாலு வருஷம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏழாம் நம்பர் என்றுதான் கூப்பிட்டார். அதற்குப் பதிலாக இதுவாவது இருக்கட்டும்.

தாராவியில் எங்கள் வேதக்கோயில் மண்டபத்தில் அவர் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். விழா மலருக்கு நானும் எழுதித் தர வேண்டுமாம். போன் பண்ணியவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். "பம்பாய்த் தமிழ்ப் பிள்ளைங்களுக்குக் கவிதைய ரசிக்கக் கத்துக்கொடுத்தவர் இல்லையா ஆன்ட்டி? நீங்க அவரோட ஸ்டூடன்ட். ஒரு பக்கம் எழுதித் தாங்க. அதுக்கு மேல இடமில்ல" என்றார். ரசிக்கக் கற்றுக்கொடுத்தவராம். எனக்கு வந்த எரிச்சலில் சரி என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு பக்கத்துக்கு மேல் இடமில்லை என்று சொன்னாரே, அந்த ஒன்றில் மட்டும் அவர்கள் அந்த ஆளுக்கு ஏற்ற ஆட்கள்தான். நான் ஒரு பக்கத்தில் நிறுத்தப் போவதில்லை. போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

அறுபதுகளில் அவர் பரேல் பக்கம் ஒரு மில்லில் டைம் கீப்பர். காலையில் கேட்டில் நின்றுகொண்டு யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார்கள் என்று குறிக்கிற வேலை. மில்லில் ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு, பித்தளை வில்லையில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தில்தான் எங்களுக்கும் நம்பர் போட்டார். வெள்ளைப் பேண்ட், வெள்ளை அரைக்கைச் சட்டை, ஒட்ட வெட்டிய கிராப்பு. கைக்கடிகாரத்தை ஊரில் எல்லாரும் மணிக்கட்டுக்கு மேலே கட்டினால் அவர் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார். அதோடு நம் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

எங்கள் சித்தப்பாவுக்கும் அதே மில்தான். ஒரு மழை நாளில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று லோக்கல் ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. மனுஷன் முழங்கால் தண்ணீரில் தாதரிலிருந்து நடந்தே மில்லுக்குப் போய்ச் சேர்ந்தார். இரண்டு நிமிஷம் லேட். கேட்டில் இவர் நிற்கிறார். இரண்டு பேரும் ஒரே ஊர்ப்பக்கம், ஒரே சந்து, ஞாயிற்றுக்கிழமை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவர்கள். "வாட்ச் பொய் சொல்லாதுவே" என்று சொல்லி அரை நாள் வெட்டிவிட்டார். சித்தி சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவர் அதையும் வாட்சைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

யாராவது பேசினால் அவருக்குப் பொறுக்காது. கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேசுகிறவரின் சட்டையைப் பின்னாலிருந்து இழுப்பார். ஒருமுறை எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெரியவர் இறந்துபோய், மகள் நாசிக்கிலிருந்து வந்து பெட்டியின் மேல் விழுந்து அழுகிறாள். இவர் பக்கத்தில் போய், "போதும்மா, கல்லறைக்கு நாலு மணி சொல்லியிருக்கு" என்றார். அந்த அக்கா அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்படிப்பட்ட ஒருவர்தான் எங்களுக்குக் கவிதை சொல்லிக்கொடுக்க வந்தார்.

வருஷா வருஷம் மாட்டுங்காவில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒப்பித்தல் போட்டி நடக்கும். ஒரு இடத்துக்கு ஒரு பிள்ளை, ஆளுக்கு மூன்று நிமிஷம். மூன்றாவது நிமிஷம் முடிந்ததும் மேஜை மேல் இருக்கிற மணியைத் தட்டுவார்கள். மணிக்குப் பிறகு வாயைத் திறந்தால் அந்தப் பிள்ளை கணக்கில் இல்லை. ஜெயிக்கிற இடத்துக்கு ஒரு பெரிய சுழற்கோப்பை. தொடர்ந்து மூன்று வருஷம் வாங்கினால் கோப்பை அந்த இடத்துக்கே சொந்தம். தாராவி அதை இரண்டு வருஷம் வாங்கியிருந்தது. இரண்டையும் அவர்தான் வாங்கிக்கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் வகுப்பு. நம்பர் வரிசையில் நிற்போம். அவர் ஒரு வரி சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். புத்தகத்தை எங்கள் கையில் தரவே மாட்டார். அது கோப்பைகளோடு கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். எங்களில் பாதிப் பேருக்கு அதைத் தந்தாலும் வாசிக்கத் தெரியாது. பிள்ளைகள் பம்பாயில் பிழைக்க வேண்டும் என்று வீட்டில் ஹிந்தி ஸ்கூலில் சேர்த்திருந்தார்கள். வாய்க்குத் தமிழ், கைக்கு ஹிந்தி.

ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் போச்சு. "போட்டியில அர்த்தமா கேக்கப் போறாவ? டைம்தான் பாப்பாவ. அடுத்த வரி" என்பார். ஆறு என்றால் வலது கையை அலைபோல ஆட்ட வேண்டும். வானம் என்றால் கழுத்தைத் தூக்க வேண்டும். ஒரு கை அசைவுக்கு ஒரு செகண்டு. எல்லாம் அளவு.

நாலாவது வருஷம் எடுத்த பாட்டு ஒரு கதைப் பாட்டு. ஒரு சின்னப் பிள்ளை, அவளோடு ஒரு ஆட்டுக்குட்டி. இரண்டும் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். வழியெல்லாம் அந்தக் குட்டி பண்ணுகிற சேஷ்டைதான் பாட்டு. அதில் ஒரு இடம்:

பின்னல் ரிப்பன் ருசியென்று
பிடித்துத் தின்றது ஆட்டுக்குட்டி
இன்னும் ஒன்று இருக்குதென்று
இன்னொரு பக்கம் வந்ததம்மா

இதை அவர் முதல்முறை சொன்னபோது நாலாம் நம்பர் செல்வராணி பக்கென்று சிரித்துவிட்டாள். அவளுக்கு இரட்டைப் பின்னல், இரண்டிலும் சிவப்பு ரிப்பன். அவள் தன் ரிப்பனைத் தொட்டுப் பார்த்ததைக் கண்டு எங்களுக்கும் அடக்க முடியவில்லை. மண்டபமே சிரித்தது. அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "சிரிச்சதுல ஏழு செகண்டு போச்சு. மேடையில சொன்னா முன்னால இருக்கவனும் சிரிப்பான். இது வேண்டாம்" என்று சொல்லி அந்தச் செய்யுளையே எடுத்துவிட்டார். பன்னிரண்டு இருந்தது பதினொன்றாகிவிட்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதற்காகப் பாட்டை வெட்டியவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். இந்த ஆளைத்தான் ரசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சட்டம் போட்டு மாட்டப் போகிறார்கள்.

நாங்கள் ரசித்தது எங்கே என்று நான் சொல்கிறேன். தண்ணீர்க் குழாயடியில். காலையில் ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், அதற்கு முன்னாலேயே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்போம். அங்கே நம்பர் கிடையாது, வாட்ச் கிடையாது. செல்வராணி ரிப்பன் செய்யுளை இழுத்து இழுத்துச் சொல்வாள். "இன்னும் ஒன்று இருக்குதென்று" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு எங்கள் எல்லாருடைய சடையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நாங்கள் சிரித்து உருண்ட பிறகுதான் கடைசி வரியைச் சொல்வாள். ஒரு வரியைச் சொல்லாமல் வைத்திருந்தால் அது எப்படி இனிக்கும் என்று எனக்கு அவள்தான் காட்டினாள். பக்கத்து வரிசை மராட்டிப் பிள்ளைகள்கூட அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்து உட்காரும்.

பாட்டு அவர் சொல்லிக்கொடுத்த வரையில் இப்படி முடிந்தது. பொழுது சாயப் போகிறது. ஓடக்காரனுக்கு வீடு அக்கரையில். அன்றைக்கு அவனுக்கு அதுதான் கடைசி நடை, அவசரத்தில் இருக்கிறான். ஓடத்தில் அவனைத் தவிர ஒருவருக்குத்தான் இடம்.

ஓடம் சின்ன ஓடமடி
ஒருநடை தானே இனியுண்டு
ஆடா நீயா அக்கரைக்கு
ஆற்றைப் பார்த்துச் சொல்லிவிடு

அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் நாற்பது செகண்டு. "வணக்கம் சொல்லி இறங்கு" என்றார்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை குட்டியை விட்டுவிட்டுப் போனாளா, குட்டியை ஏற்றிவிட்டு இவள் இக்கரையில் நின்றாளா? குழாயடியில் தினமும் இதே பேச்சு. குட்டியை மடியில் வைத்துக்கொண்டால் ஒரு ஆள் கணக்குத்தானே என்றாள் ஒருத்தி. ஓடக்காரன் அவளைத் தள்ளிவிட்டுக் குட்டியைத் திருடிக்கொண்டு போயிருப்பான் என்றாள் இன்னொருத்தி. செல்வராணி அந்த வாரம் முழுக்க அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணினாள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே பண்ணினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கையைத் தூக்கினேன். "சார், அதுக்கு மேல என்னாச்சு?"

"எதுக்கு மேல?"

"அந்தப் பிள்ள என்ன செஞ்சா?"

"போட்டிக்கு அம்புட்டுதான், ஏழாம் நம்பர்."

"போட்டிக்கு இல்ல சார், சும்மா தெரிஞ்சிக்கத்தான்."

"சும்மா தெரிஞ்சி என்ன செய்யப் போற?" என்று கேட்டுவிட்டு வாட்சைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் கேட்டது அவருக்குப் புரியவே இல்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்த வாட்சைப் பிடுங்கிச் சாக்கடையில் போட வேண்டும் போல இருந்தது.

பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தது அவர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், அவரை விட்டால் எனக்கு வேறு வழி இல்லாததால்தான் நாலு வருஷம் அந்த வரிசையில் போய் நின்றேன். இலையைப் போட்டுச் சோற்றை வைத்து, இரண்டு வாய் தின்றதும் இலையை உருவிக்கொண்டு போகிறவனை விருந்து போட்டவன் என்றா சொல்வார்கள்?

வாசிக்கக் கற்றுக்கொண்டால் ஒழிய இதற்கு வழி இல்லை என்று முடிவு செய்தேன். எங்கள் ஒற்றை அறைக் கோலியில் தமிழில் அச்சடித்தது என்று இருந்தது ஊரிலிருந்து தபாலில் வந்த கல்யாணப் பத்திரிகைகள்தான். அப்பா எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை, லீவு ஏது? ஆனால் பத்திரிகைகளை நூல் போட்டுக் கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அதைத்தான் அவிழ்த்துக் கொடுத்தார். "இது உன் அத்தை மவ கல்யாணம். எங்கிட்டு அத்தை பேரு இருக்கு, கண்டுபிடி" என்பார். தெரிந்த பெயர்கள்தானே, அதனால் எழுத்து சீக்கிரம் பிடிபட்டது. நாலு மாதத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் வாசித்து முடித்துவிட்டேன்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை கோப்பைகளைப் புளி போட்டுத் துலக்க எங்களைக் கூப்பிட்டார். பீரோ திறந்திருந்தது. நான் துணியோடு சேர்த்துப் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுத்தான், வேறென்ன.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். அந்தக் காலத்தில் சில புத்தகங்கள் அச்சடித்த தாளை மடித்து அப்படியே தைத்து வரும். மேல் ஓரத்தை வாங்கியவர்தான் கத்தியால் கீறிப் பக்கம் பக்கமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பாட்டு, ஓடக்காரன் கேள்வி கேட்கிற பக்கம் வரை கீறியிருந்தது. ஸ்கேல் வைத்துக் கீறினதுபோல நேராக, சுத்தமாக. அடுத்த தாள் ஒட்டியே கிடந்தது. எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. முன்பக்கம் திருப்பினேன். போன வருஷத்துப் பாட்டு, அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது, நாலும் இதே புத்தகத்தில்தான் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்று நிமிஷத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அந்தப் பக்கம் வரைதான் கீறியிருந்தது. மற்றதெல்லாம் மூடியே கிடந்தது.

அவர் எங்களிடம் மறைக்கவில்லை. அவருக்கே தெரியாது. நாலு வருஷம் எங்களை நிற்க வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மனுஷன் ஒரு பாட்டைக்கூட முழுசாக வாசித்ததில்லை. அவர் மேல் எனக்கு அதுவரை இருந்தது பயம். அன்றைக்கு அது போய் வெறும் அருவருப்பு வந்தது. அப்பா பை தைக்கிற பட்டறையில் வேலை செய்தார், வீட்டில் தோல் வெட்டுகிற கத்தி இருந்தது. அதை எடுத்துக் கோணல்மாணலாகக் கீறினேன்.

ஆடும் நானும் ஏறுகிறோம்
ஐயா நீங்கள் இறங்கிடுங்கள்
ஓடம் ஓட்ட நானறிவேன்
உட்கார்ந் திருங்கள் கரையினிலே

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் வாசித்தேன். "இறங்கிடுங்கள்" என்று புரிந்ததும் கத்தி கையிலிருக்க நான் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். குழாயடியில் எங்களில் ஒருத்திக்கும் இது தோன்றவில்லையே. இடம் ஒருவருக்குத்தான் என்றால் இறங்க வேண்டியவன் அவன்தானே. ஓடம் நடு ஆற்றில் சுற்றுகிறது, குட்டி துடுப்பைக் கடிக்கிறது, இவன் இக்கரையில் நின்று தலையில் அடித்துக்கொள்கிறான். அவள் குட்டியை அக்கரையில் இறக்கிக் கட்டுகிறாள். கடைசியில் இப்படி முடிகிறது:

பொழுது சாயும் முன்னாலே
போன ஓடம் திரும்பியது
அழுது நின்ற ஓடக்காரர்
அசடு வழிய ஏறினாராம்

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, செல்வராணியிடம்கூட. மேடைக்கு என்று வைத்திருந்தேன். மூச்சு நீளம் என்று அந்த வருஷம் என்னைத்தான் போட்டிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்.

மாட்டுங்கா ஹாலில் மேடை மேல் ஏறி நின்றேன். அவர் முதல் வரிசை ஓரத்தில், உள்ளங்கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வெட்டி எறிந்த ரிப்பன் செய்யுளைச் சேர்த்தே சொன்னேன். செல்வராணி சொன்னதுபோல நிறுத்தி, முன் வரிசைப் பிள்ளைகளின் சடையைப் பார்த்துச் சொன்னேன். ஹால் சிரித்தது. அவர் தலை நிமிர்ந்தது. ஓடக்காரன் கேள்வியைக் கேட்டு முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. வாயைத் திறக்காமல் கும்பிட்டு இறங்கியிருந்தால் கோப்பை தாராவிக்குத்தான். நான் இறங்கவில்லை. "ஆடும் நானும் ஏறுகிறோம்" என்று ஆரம்பித்தேன். மறுபடியும் மணி. "ஐயா நீங்கள் இறங்கிடுங்கள்" என்று அவரைப் பார்த்தே சொன்னேன். பிள்ளைகள் கைதட்டின. மூன்றாவது மணிக்கு மைக்கை நிறுத்திவிட்டார்கள், ஒருவர் வந்து என் தோளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். முடிவை யாரும் கேட்கவில்லை. கோப்பை செம்பூருக்குப் போனது.

வெளியே படிக்கட்டில் ஒரு மாட்டுங்கா மாமி என்னைப் பிடித்துக்கொண்டாள். "கொழந்தே, அந்தப் பொண்ணு பத்திரமா அக்கரைக்குப் போனாளோ? சொல்லிட்டுப் போடி, எனக்கு ஆத்துக்குப் போனா வேலையே ஓடாது" என்றாள். அவளுக்கு அங்கேயே நின்று கடைசி வரை சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் மற்றப் பிள்ளைகளோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவர் காதில் விழுந்திருக்காது.

நம்பர் வரிசையில் நடந்தே திரும்பினோம். கோப்பையை இனி நிரந்தரமாக வைக்கப் பீரோவில் தட்டு ஒழித்து வைத்திருந்தோமே, அந்த வருத்தம் எல்லாருக்கும். எனக்கு அடி விழும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது, வரிசைக்கு முன்னால் போன அவர் நின்று, பிள்ளைகளைப் போகவிட்டு, என் பக்கத்தில் வந்து நடந்தார். கீழே ஒரு லோக்கல் போய் முடிந்தது. அவர் வாட்ச் கட்டிய இடது கை பேண்ட் பைக்குள் இருந்தது.

"அவ அக்கரைக்குப் போயிருப்பா. சரி" என்றார். "அந்த ஓடக்காரன்? அவன் வீடு அங்கல்லா இருக்கு. அவன் என்ன ஆனான்?"

நம்பர் சொல்லவில்லை. அதட்டவில்லை. குழாயடியில் நாங்கள் கேட்டுக்கொண்ட அதே மாதிரிதான் கேட்டார்.

நான் சொல்லியிருக்கலாம். நாலே வரி. பத்து செகண்டுகூட ஆகாது.

"போட்டிக்கு அம்புட்டுதான், சார்" என்றேன்.

அவர் கையைப் பையிலிருந்து எடுத்து வாட்சைப் பார்த்துவிட்டு வரிசைக்கு முன்னால் போய்விட்டார். மறுநாள் குழாயடியில் எல்லாருக்கும் சொன்னேன், மராட்டிப் பிள்ளைகளுக்கும் ஹிந்தியில் சொன்னேன். அவரிடம் போய்ச் சொல்ல ஒருத்திக்கும் தைரியம் இல்லை. அடுத்த வருஷம் அவர் டோம்பிவிலிக்குக் குடிபோனார், வகுப்பும் நின்றது. புத்தகத்தை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. அது இப்போதும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

அந்த ஆளை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. படத்துக்கு மாலை போட என்னைக் கூப்பிட வேண்டாம். ஆனால் பாட்டில் அந்தப் பிள்ளை, தன்னைப் பாதி வழியில் விடப் பார்த்தவனைக் கூட்டிப்போக ஓடத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் வரவில்லை.